கிளைடர் ஏன் குத்துகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சென்ற கோடை விடுமுறையில் தங்கை மகன் எங்கள் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்யப் போய், ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு இறங்கினான். உள்ளே 1976இல் நான் கட்டிய மாதிரி கிளைடர், அதாவது இயந்திரமில்லாமல் காற்றில் சறுக்கிப் பறக்கும் சிறு விமானம், இருந்தது. இறக்கைத் தாள் பழுத்த வெற்றிலை நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு முனையை எலி சுவைத்துப் பார்த்து, வேண்டாம் என்று விட்டிருந்தது.

"மாமா, இது பறக்குமா?"

"பறந்தது" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

அடுத்த மூன்று வாரம் காலை ஆறு மணிக்கு வறண்ட கண்மாய்க்குள் இறங்கினோம். அவன் செய்த ஒவ்வொரு தவறும் நான் பதினாறு வயதில் செய்த அதே தவறு, பெரும்பாலும் அதே வரிசையில். அப்போது எங்களுக்குச் சொல்லித்தர என்.சி.சி. விமானப் பிரிவில் ஓர் ஆசிரியர் இருந்தார். (என்.சி.சி. 1948இல் வந்தது, அதன் விமானப் பிரிவு 1950இல். மாதிரி விமானம் கட்டுவது அங்கே பாடத்தோடு சேர்ந்தது.) இன்று பழைய வரைபடத்தையோ பழைய பெட்டியையோ எடுத்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பவர்களுக்கு அப்படி ஒருவர் வாய்ப்பது கடினம். அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் பேசுவது இரண்டு வகை கிளைடர்களைப் பற்றி. ஒன்று, கையால் எறியும் சிறியது. இன்னொன்று, கயிற்றில் கட்டி ஓடி, பட்டம் போல மேலே ஏற்றிக் கழற்றிவிடும் பெரியது. பெரியதில் பிரபலமானது அக்காலத்தில் ஏ-2 என்று அழைக்கப்பட்ட வகை. இன்று சர்வதேசப் போட்டிகளில் எஃப்1ஏ என்கிறார்கள். இறக்கையும் வால் இறக்கையும் சேர்ந்து 32 முதல் 34 சதுர டெசிமீட்டர் பரப்பு, எடை 410 கிராமுக்குக் குறையக் கூடாது, கயிறு 50 மீட்டர். ரேடியோவும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. கையை விட்டுப் போனால் போனதுதான். எனவே பிழைகளையெல்லாம் தரையிலேயே தேடித் தீர்த்தாக வேண்டும்.

எறிவதற்கு முன்

முதலில் ஈர்ப்பு மையம். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இறக்கைகளின் அடியில் உடலுக்கு இருபுறமும் வைத்துத் தூக்குங்கள். கிளைடர் மூக்கும் வாலும் சமமாக நிற்கும் இடம் எதுவோ அதைப் பென்சிலால் குறியுங்கள். வரைபடத்தில் புள்ளி இருந்தால் அதுவே வேதம். வரைபடம் இல்லாத சிறிய எறி கிளைடருக்கு, இறக்கையின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கலாம். ஏ-2 போன்றவற்றில் வால் இறக்கையும் வளைவாக இருக்கும், அதுவும் கொஞ்சம் எடையைத் தூக்கும். அதனால் அவற்றின் மையம் பாதிக்குப் பின்னால், 50 முதல் 60 விழுக்காடு வரைகூட இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல், பெரிய கிளைடரையும் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவர மூக்கில் ஈயத்தை அடைத்துக்கொண்டே போன ஒருவரை எனக்குத் தெரியும். 1976இல் அவர் பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்.

எடையை முன்பின் நகர்த்திச் சமன் பார்ப்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய வேலை. 1804இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி ஒரு கம்பின் மேல் பட்டத்தைச் சாய்வாகப் பொருத்தி, பின்னால் சாய்வு மாற்றத்தக்க சிலுவை வடிவ வாலும் முன்னால் நகர்த்தத்தக்க எடையும் வைத்து எறிந்து பார்த்தார். நம் கையில் இருப்பதும் ஏறத்தாழ அதுதான். எடை, வாலின் சாய்வு என்று திருகுவதற்கு அவரிடம் இருந்தவைதாம் நம்மிடமும் இருக்கின்றன.

அடுத்து, கிளைடரை ஒருவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் பத்தடி பின்னால் போய் வால் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டு இறக்கைகளின் பின்விளிம்பும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். கடைசியாக, மூக்கைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஈயக்குண்டு உருளும் சத்தம் கேட்டால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். அதை முதலில் பிசினோ மெழுகோ ஊற்றி நிறுத்துங்கள். உருளும் ஈயத்தோடு எறிந்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நோய் தெரியும், பத்து வைத்தியம் பார்த்தாலும் எதுவும் நிற்காது.

எறிவது பற்றி ஒரு சொல். மேலே பார்த்து எறியாதீர்கள். எதிர்க்காற்றில், தோள் உயரத்தில், பதினைந்து மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்து ஈட்டி போல நேராகத் தள்ளிவிடுங்கள். இரண்டு மூன்று அடி ஓடி விட்டால் இன்னும் நல்லது. காலை ஏழு மணிக்குள், புல் அல்லது மணல் உள்ள இடத்தில். இரண்டு முறை ஒரே மாதிரி எறிந்து இரண்டு முறையும் ஒரே பிழை வந்தால்தான் அது கிளைடரின் பிழை. முதல்முறை வருவது பெரும்பாலும் கையின் பிழை.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இதை எங்கள் ஆசிரியர் சொன்னபோது நாங்கள் தலையாட்டிவிட்டு ஈயத்தையும் வாலையும் சேர்த்தே மாற்றினோம்.

அறிகுறி: எழும்பி, நின்று, தலைகவிழ்ந்து, மறுபடி எழும்புகிறது

கடல் அலை போல ஏறி இறங்கிப் போகும். ஒவ்வோர் ஏற்றத்தின் உச்சியிலும் ஒரு கணம் செத்தது போல நிற்கும். இதுதான் ஸ்டால். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மிஞ்சிப்போய், மேல்பரப்பில் ஒட்டி ஓட வேண்டிய காற்று பிய்ந்துகொள்கிறது. தூக்கும் விசை விழுகிறது, மூக்கு கவிழ்கிறது, வேகம் பிடிக்கிறது, மறுபடி எழுகிறது. விளையாட்டுச் சாமானில் இது வேடிக்கை. ஜெர்மனியின் கிளைடர் முன்னோடி ஓட்டோ லிலியென்டால் ஈராயிரம் முறை அளவுக்குச் சறுக்கிப் பறந்தவர், 1896 ஆகஸ்ட் 9 அன்று அவருடைய கிளைடர் இப்படித்தான் நின்று கவிழ்ந்தது. மறுநாள் இறந்தார்.

முதலில் பிரித்துப் பாருங்கள். எறிந்ததும் ஒருமுறை மட்டும் எழும்பி, பிறகு அமைதியாகப் போகிறதா? அப்படியென்றால் வேகமாக எறிந்துவிட்டீர்கள், கிளைடரைத் தொடாதீர்கள். தரை வரும்வரை அலை அலையாகப் போகிறதா? அப்போதுதான் வைத்தியம்.

ஈர்ப்பு மையம் குறித்த இடத்துக்குப் பின்னால் இருந்தால் மூக்கில் எடை சேருங்கள். தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டு போதும், ஒவ்வொன்றாக. களிமண் உருண்டையை ஒட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ஈயமாக மாற்றுவது இன்னும் வசதி. மையம் சரியான இடத்தில் இருந்தும் அலைகிறதென்றால் எடையைத் தொடாமல் வாலுக்குப் போங்கள். வால் இறக்கையின் முன்விளிம்புக்கு அடியில் அஞ்சலட்டையில் வெட்டிய ஒரு துண்டைச் செருகுங்கள். வால் கொஞ்சம் அதிகம் தூக்கும், மூக்கு இறங்கும். ஒரு துண்டு போதாவிட்டால் இரண்டு. எந்த விளிம்பு என்பதில் கவனம் வேண்டும். பின்விளிம்பில் செருகினால் விளைவு நேர் எதிர், நோய் இரட்டிப்பாகும். தங்கை மகன் முதல் நாள் இதைத்தான் செய்தான். கிளைடர் செங்குத்தாக எழுந்து, யோசித்து, வந்த வழியே வாலால் இறங்கியது.

அறிகுறி: எறிந்ததும் மண்ணைக் குத்துகிறது

எளிய காரணம் மூக்குக் கனம். ஈயத்தை எடுங்கள். மையம் சரியாக இருந்தால் வாலின் பின்விளிம்புக்கு அடியில் அட்டைத் துண்டு.

இதில் ஒரு கள்ளன் இருக்கிறான், அவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில கிளைடர்கள் மெதுவாக எறிந்தால் அழகாகப் போகும். சற்று வேகமாக எறிந்தாலோ, காற்று ஒரு தட்டுத் தட்டினாலோ, மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு மேலும் மேலும் செங்குத்தாக இறங்கும். பார்ப்பவர் எல்லோரும் "மூக்கு கனம்" என்பார்கள். உண்மையில் அது வால் கனம். மையம் மிகவும் பின்னால் போய்விட்டது. அதற்கு ஈடாக வாலைச் சாய்த்துச் சாய்த்து, இறக்கைக்கும் வாலுக்கும் இடையே இருக்க வேண்டிய கோண வேறுபாட்டையே கரைத்துவிட்டிருக்கிறீர்கள். அந்த வேறுபாடுதான், வேகம் கூடும்போது மூக்கைத் தானாகத் தூக்கிவிடுவது. இரண்டு மூன்று டிகிரி போதும், ஆனால் அது இருந்தாக வேண்டும்.

சோதனை எளிது. வழக்கத்தைவிடக் கால் பங்கு வேகம் கூட்டி எறியுங்கள். நல்ல கிளைடர் எழும்பப் பார்க்கும். எழும்பாமல் நேராகவோ கீழாகவோ போனால் கள்ளன் பிடிபட்டான். மூக்கில் எடையைச் சேர்த்து மையத்தை முன்னுக்குக் கொண்டு வாருங்கள், எறிந்து பாருங்கள். இப்போது உண்மையிலேயே மூக்கு கனத்துக் குத்தும். அதன்பிறகு வாலின் பின்விளிம்பில் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். நோய் முற்றிப் பிறகு தீரும் வைத்தியம் இது. பாதியில் பயந்து நிறுத்தக் கூடாது.

அறிகுறி: எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து, சுருண்டு இறங்குகிறது

ஏ-2 கிளைடர் சுற்ற வேண்டும். மெல்லிய, அகலமான வட்டம். நேராகப் போகும் கிளைடர் மைதானத்தை விட்டுப் போய்விடும், மேலெழும் வெப்பக் காற்றுக்குள் தங்காது. நான் சொல்வது வேறு. வட்டம் சுற்றுக்குச் சுற்று சிறுத்து, உள் இறக்கை தாழ்ந்து, கடைசியில் திருகாணி போல மண்ணில் இறங்குவது.

பத்தில் எட்டு முறை காரணம் முறுக்கு. பின்னால் நின்று பார்க்கச் சொன்னேனே, அப்போது ஓர் இறக்கையின் பின்விளிம்பு மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்ததா? அந்த இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் சந்திக்கிறது, அதிகம் தூக்குகிறது, கிளைடர் எதிர்ப்பக்கம் சாய்கிறது. அதே இறக்கை, வேகம் குறையும்போது முதலில் ஸ்டாலாகித் தானே தாழும். அதனால் வேகத்தில் இடப்பக்கம் சுருள்கிறது, மெதுவாகப் போகும்போது வலப்பக்கம் விழுகிறது என்று குழப்பமான நோய் சொல்பவர்களிடம் நான் வேறெதுவும் கேட்பதில்லை. முறுக்கைப் பாருங்கள் என்பேன். வாலின் சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிக்கட்டுவது சோம்பேறி வைத்தியம். ஒரு வேகத்தில் நேராகும், இன்னொரு வேகத்தில், குறிப்பாகக் கயிற்றில் ஏறும்போது, காட்டிக்கொடுக்கும்.

முறுக்கை எடுக்க ஆவி வேண்டும். எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக் கொப்பரை. மூடியை ஒரு விரற்கடை தள்ளிவைத்து, வரும் ஆவியில் இறக்கை முனையைக் காட்டுவேன். டோப் (தாளை இறுக்கிக் கெட்டியாக்கும் பூச்சு) பூசிய தாள் முதலில் மினுங்கும், பிறகு லேசாகத் தளரும். விரலுக்குக் கீழே மரம் இளகுவது தெரியும், வாடிய கீரைத்தண்டு போல. அப்போது வேண்டிய பக்கத்துக்கு, வேண்டியதைவிட ஒரு பங்கு கூடுதலாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆவியை விட்டு விலகி, ஆறும்வரை அப்படியே நிற்க வேண்டும். ஆறுவதற்குள் கை தளர்ந்தால் எல்லாம் பழையபடி. அம்மா ஒருமுறை கொப்பரையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "இன்றைக்கு வேகிறது இட்லியா, இறக்கையா?" என்று கேட்டார். நான் அசைய முடியாமல் நின்றேன். இட்லி குழைந்துபோனது, இறக்கை நேரானது.

இரண்டு முனைகளிலும் பின்விளிம்பு சமமாக இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள். அது நன்மை. முனைகள் கடைசியில் ஸ்டாலாகும், கிளைடர் மிதமாக நடந்துகொள்ளும். பல வரைபடங்களில் வேண்டுமென்றே அப்படிக் கேட்டிருப்பார்கள்.

நமக்குப் பிழையாக இருக்கும் இந்த முறுக்குதான் ரைட் சகோதரர்களுக்குக் கடிவாளம். 1899இல் ஒரு பட்டத்தில் தொடங்கி, இறக்கைகளை எதிரெதிராக முறுக்கியே சாய்வைக் கட்டுப்படுத்தினார்கள். 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிட்டி ஹாக் மணல்மேடுகளில் அவர்களுடைய கிளைடரும் சில வேளை தாழ்ந்த பக்கமாகவே சறுக்கிச் சுழன்று மணலில் இறங்கியது. கிணறு தோண்டுவது என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதிகம் முறுக்கிய இறக்கை தூக்கியதோடு பின்னுக்கும் இழுத்ததுதான் காரணம். நிலையாக இருந்த செங்குத்து வாலை அசையும் சுக்கானாக மாற்றித் தீர்த்தார்கள். அவர்கள் கிளைடரில் ஆள் இருந்தான், சுக்கானைத் திருப்பினான். நம்முடையதில் ஆள் இல்லை. நாம் முறுக்கைத்தான் எடுக்க வேண்டும்.

முறுக்கு இல்லாமலும் சுருள்கிறதா? ஓர் இறக்கை மற்றதைவிடக் கனமா என்று பாருங்கள். எலி தின்ற இடத்துக்குத் தாள் ஒட்டி, அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டி, எங்கள் கிளைடரின் இடது முனை கனத்துப் போயிருந்தது. வலது முனையில் ஒரு குண்டூசி செருகியதும் சமமானது.

அறிகுறி: கையில் சாது, கயிற்றில் முரடு

கையால் எறியும்போது குறையே சொல்ல முடியாத கிளைடர், கயிற்றில் ஏற்றினால் ஒரு பக்கமாக வளைந்து, அரைவட்டம் போட்டுத் தரையை நோக்கி வரும். ஓடுபவனுக்கு இது தெரியாது. அவன் முன்னால் பார்த்து இன்னும் வேகமாக ஓடுவான். இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாகக் குத்தும்.

ஆகவே முதல் வைத்தியம் ஓடுபவனுக்கு. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டும். கிளைடர் விலகத் தொடங்கியதும் நிற்க வேண்டும், நிற்பது போதாவிட்டால் கிளைடரை நோக்கியே ஓடிக் கயிற்றை இளக்க வேண்டும். பட்டம் குத்தும்போது நூலை விடுவோமே, அதே கைப்பழக்கம். பட்டம் விட்ட பையன்கள் இதை ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள், ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியவர்களுக்கு ஒரு வாரம் ஆகும்.

பிறகு கொக்கி. கயிற்றின் வளையம் மாட்டும் கொக்கி, உடலின் அடியில் ஈர்ப்பு மையத்துக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மிகவும் பின்னால் இருந்தால் செங்குத்தாக ஏறப்பார்த்து, இங்குமங்கும் அலைந்து பக்கத்தில் குத்தும். மிகவும் முன்னால் இருந்தால் நேராக வரும், ஆனால் உயராது. ஐம்பது மீட்டர் கயிற்றை வைத்துக்கொண்டு இருபது மீட்டர் உயரத்தில் நாய்க்குட்டி போலப் பின்னால் வரும். அலைந்தால் கொக்கியை முன்னுக்கு, சோம்பினால் பின்னுக்கு, ஒவ்வொரு முறையும் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்.

கொக்கி சரியாக இருந்தும் எப்போதும் ஒரே பக்கம் விலகினால், தானியங்கிச் சுக்கானைப் பாருங்கள். கயிற்றில் இருக்கும்வரை சுக்கான் நேராக நிற்க வேண்டும், வளையம் கழன்ற பிறகுதான் ரப்பர் வளையம் அதை இழுத்து வட்டத்துக்குத் திருப்ப வேண்டும். அந்த இழுநூல் நாளடைவில் தளர்ந்து, கயிற்றில் இருக்கும்போதே சுக்கான் அரைகுறையாகத் திரும்பியிருக்கும். இரண்டு மில்லிமீட்டர் போதும். கயிற்றில் வேகம் அதிகம், அந்த இரண்டு மில்லிமீட்டர் கிளைடரையே புரட்டிவிடும்.

கயிறு பற்றி: நாங்கள் மீன்பிடி நைலான் நரம்பு பயன்படுத்தினோம். அது நீளும். அளக்கும்போது இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும்.

இழுப்பவர்கள் பற்றி நினைக்கும்போது எனக்கு எப்போதும் ஜெர்மனியின் வாசர்குப்பே மலை நினைவுக்கு வரும். 950 மீட்டர் உயரமுள்ள மொட்டை மலை. 1911லிருந்தே டார்ம்ஸ்டட் நகரத்துப் பள்ளி மாணவர்கள் தாங்களே கட்டிய கிளைடர்களை அங்கே சுமந்து போனார்கள். முதல் உலகப் போருக்குப் பின் வெர்சாய் ஒப்பந்தம் இயந்திர விமானங்களுக்குக் கடிவாளம் போட்டதும், 1920லிருந்து அந்த மலையே ஒரு நாட்டின் பறக்கும் பள்ளி ஆனது. ஆள் ஏறும் கிளைடரை ரப்பர் வடம் கட்டிப் பையன்கள் இரு வரிசையாகச் சரிவில் இழுப்பார்கள். இழு, ஓடு, விடு என்று மூன்று கட்டளைகள். சறுக்கியபடியே தொடங்கும் பயிற்சிக் கிளைடரில் ஒற்றை இருக்கைதான், ஆசிரியர் கீழே நின்று கத்துவார். ஒரு தாவலுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து அதை மறுபடி மேட்டுக்குத் தள்ள வேண்டும். ஒருவன் பறக்க எட்டுப் பேர் ஓடினார்கள் என்பது எனக்கு ஆறுதலான கணக்கு. எங்கள் அணியில் நான் பெரும்பாலும் ஓடியவன்.

அறிகுறி: உச்சிக்குப் போயும் வளையம் கழலவில்லை

கொக்கியின் நுனியில் பிசிறு, அல்லது கொக்கி அதிகமாக வளைந்து மூடியிருக்கிறது. அரம் போட்டு நிமிர்த்துங்கள். கயிற்று முனையில் வளையத்துக்குச் சற்றுக் கீழே சிறு துணிக்கொடி கட்டினால், தளர்ந்ததும் காற்று அதை இழுத்து வளையத்தைக் கழற்றும். கழன்றதும் கண்ணுக்கும் தெரியும்.

அறிகுறி: ஏறும்போது இறக்கை மடிந்தது

சத்தம் மறக்காது. காய்ந்த அப்பளத்தை உடைப்பது போல ஒன்று, பிறகு அமைதி.

முறிந்த இடத்தைப் பாருங்கள். நடுவில், இறக்கை மேல்நோக்கி மடங்கும் மூட்டிலா? மூட்டுக்குள் பிளைவுட் தகடு இல்லை, அல்லது பசை மரத்துக்குள் இறங்காமல் மேலாகக் காய்ந்திருக்கிறது. இறக்கை கட்டும் பால்சா என்ற லேசான மரம் பசையைக் குடிக்கும். ஒருமுறை தடவி, ஊறிக் காயவிட்டு, மறுமுறை தடவி ஒட்ட வேண்டும். நடுவில் இல்லாமல் பாதி தூரத்தில் முறிந்திருந்தால் மரத்தின் ரேகையைப் பாருங்கள். நீளவாக்கில் ஓட வேண்டிய ரேகை குறுக்கே சாய்ந்து வெளியே ஓடியிருக்கும். எக்வடாரிலிருந்து வரும் பால்சாவுக்கு ஆசைப்பட்டுத் துண்டு துண்டாகச் சேமித்த காலத்தில், ரேகை பார்த்து ஒதுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. இன்று உங்களுக்கு உண்டு. பழைய முறிவை நேர் வெட்டாக ஒட்டாமல், தடிமனைப்போல ஆறு மடங்கு நீளத்துக்குச் சாய்த்துச் சீவி ஒட்டுங்கள்.

மோதும்போது முறிகிறதென்றால் அது வேறு பிழை. இறக்கையை உடலோடு ஒட்டியிருப்பீர்கள். ரப்பர் வளையத்தால் கட்ட வேண்டும், இடித்தால் கழன்று விழ வேண்டும். கடை ரப்பர் வளையம் நம் வெயிலில் ஒரு மாதத்தில் பிசுபிசுத்து அறும். பஞ்சர் கடையில் கேட்டால் சைக்கிள் டியூப் சும்மாவே கொடுப்பார்கள். குறுக்கே அரை சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டினால் பல மாதம் உழைக்கும் வளையங்கள்.

அறிகுறி: தாள் வெள்ளை பூத்தது, அல்லது தொய்ந்தது

மழை நாளில் டோப் பூசினால் பால் தெளித்தது போல வெளுக்கும். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிகிறது. வெயில் வந்ததும், கரைப்பான் அதிகம் கலந்த ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தெளியும். ஐப்பசி, கார்த்திகையில் டோப் டப்பாவைத் திறக்காமலிருப்பது அதைவிட எளிது.

தொய்ந்த தாளுக்கு முதலில் தண்ணீர்த் தூவல், காய்ந்தபின் மெல்லிய டோப். கெட்டியாக ஒரே பூச்சு பூசினால் தாள் அளவுக்கு மீறி இழுத்து இறக்கையையே முறுக்கும், பிறகு இட்லிக் கொப்பரைக்குத் திரும்ப வேண்டும். காயும்வரை இறக்கையை ஒரு நேரான பலகையில் குண்டூசியால் பிடித்து வையுங்கள்.

டோப் கிடைக்காத நாளில் நாங்கள் உடைந்த டேபிள் டென்னிஸ் பந்துகளை அசிட்டோனில் கரைத்தோம். அது செல்லுலாய்டு பந்து. 2014இலிருந்து சர்வதேசப் போட்டிகளில் செல்லுலாய்டு அல்லாத பந்துகள் வந்துவிட்டன, எனவே இந்த வித்தையைப் புதுப் பந்தோடு நம்பாதீர்கள். பழையதோடும் நெருப்பருகே வேண்டாம். செல்லுலாய்டு எப்படி எரியும் என்பதை நான் எங்கள் திண்ணையில் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: நேற்று பறந்தது, இன்று பறக்கவில்லை

கிளைடர் மாறவில்லை, பொருத்தியது மாறியிருக்கிறது. இறக்கை ஒரு மில்லிமீட்டர் திரும்பியிருக்கும், வாலின் அடியில் செருகிய அட்டைத் துண்டு பஸ்ஸிலேயே விழுந்திருக்கும். எல்லாம் சரியாக அமைந்த நாளில், இறக்கையிலிருந்து உடல் வரைக்கும் குறுக்கே ஒரு மைக்கோடு போடுங்கள். வாலுக்கும் அப்படியே. மறுநாள் கோடு சேர்கிறதா என்று பார்த்துக் கட்டுங்கள். அட்டைத் துண்டை ஒட்டிவிடுங்கள்.

அறிகுறி: இறங்கவே இல்லை

எல்லாப் பிழையும் தீர்ந்த பிறகு வருவது இது. போட்டியில் ஒரு பறத்தலுக்குக் கணக்கில் வரும் உச்சம் வழக்கமாக மூன்று நிமிடம். சித்திரை மாதம் பத்து மணிக்குக் கண்மாய்க்கு மேல் பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிட்டால், அங்கே வெப்பக் காற்று மேலெழுகிறது. உங்கள் கிளைடர் அதற்குள் நுழைந்தால் மூன்று நிமிடம் என்பதெல்லாம் கிடையாது. 1926இல் வாசர்குப்பேயில் மாக்ஸ் கேகல் என்பவரை இடிமேகம் உறிஞ்சிக்கொண்டு போய் 55 கிலோமீட்டர் தள்ளி இறக்கியது. அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார், எப்படியோ இறங்கினார். காலி கிளைடர் யாரைக் கேட்டு இறங்கும்?

அதற்காகத்தான் வால் தூக்கி. குறித்த நேரத்தில் வால் இறக்கையின் பின்விளிம்பு 40, 45 டிகிரிக்கு மேலே எழும்பும். கிளைடர் முழுமையாக ஸ்டாலாகி, ஆனால் கவிழாமல், மட்டமாகக் கீழே இறங்கும். அக்காலத்தில் நேரம் குறிக்க எரியும் திரிதான். வெடியுப்பில் ஊறவைத்துக் காயவைத்த பஞ்சுத் திரி மெல்லக் கனன்று வந்து ரப்பர் வளையத்தை அறுக்கும், வால் எழும்பும்.

திரி நேரத்துக்கு முன் அறுத்தால் அல்லது அணைந்தால்: ஒரே நீளத்தில் மூன்று துண்டு வெட்டிக் காற்றில் பிடித்து எரித்து நேரம் பாருங்கள். வீட்டுக்குள் அளந்த நேரம் மைதானத்தில் செல்லாது, காற்றில் திரி வேகமாக எரியும். திரியை ஒரு சிறு தகரக் குழாய்க்குள் செருகினால் ரப்பரை அறுத்ததும் குழாய்க்குள் போய் அணையும். இந்தக் குழாயில்லாமல் பற்றவைக்கவே கூடாது. கனலும் முனை கோடைப் புல்லில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நாங்கள் மூன்று பேர் சட்டையைக் கழற்றி அடித்து அணைத்திருக்கிறோம். இன்று சிறிய கடிகாரப் பொறிகளும் மின்னணுப் பொறிகளும் கிடைக்கின்றன. பழமைக்காகத் திரியைப் பிடித்துத் தொங்க வேண்டாம் என்பது என் கருத்து.

வால் எழும்பியும் கிளைடர் சுருண்டு இறங்கினால் கோணம் போதவில்லை, நிறுத்தும் நூலை நீட்டுங்கள். எழும்பவே இல்லையென்றால் பெரும்பாலும் இழுக்கும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

அதுவும் தவறினால் முகவரி ஒன்றுதான் மிச்சம். 1976இல் என் கிளைடர் போய்ப் பதினோரு நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. "உங்கள் பறவை எங்கள் வைக்கோல் போர் மேல் இருக்கிறது. பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்கிறேன். சீக்கிரம் வரவும்." இரண்டு பஸ் மாறிப் போனேன். போரின் உச்சியில் வால் தூக்கிய நிலையிலேயே உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டு அம்மா மோர் கொடுத்துவிட்டு, உள்ளே மனிதர் யாரும் இருந்தார்களா என்று விசாரித்தார்.

முகவரியை எழுதும்போது ஒரு கவனம்: பால்பாயின்ட் மை டோப்பில் கரைந்து பரவும். பென்சிலால் அழுத்தாமல் எழுதி, அதன் மேல் டோப் பூசுங்கள். தங்கை மகன் என் பழைய தெருப்பெயருக்குக் கீழே தன் கைப்பேசி எண்ணை எழுதினான். ஏழும் ஒன்றும் ஒன்றுபோல இருந்ததால் அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்.